எல்லை உள்ள கட்டி, எல்லை இல்லாத கட்டி: தண்டுவட உள்கட்டிகளின் சிகிச்சை பற்றி ஓர் ஆய்வு

1. பொருளும் வரம்பும்

வளர்ந்த ஆணின் தண்டுவடம் சுமார் 45 செ.மீ. நீளம்; பெண்ணுக்கு இரண்டு மூன்று செ.மீ. குறையும். தடிமன் சுண்டுவிரல் அளவு, எடை ஏறக்குறைய 35 கிராம். ஒரு கோழிமுட்டைகூட இதைவிடக் கனம். கழுத்துக்குக் கீழே இருக்கும் உடம்பு பெரும்பாலும் மூளையோடு பேசிக்கொள்வது இந்த 35 கிராம் வழியாகத்தான். இதற்குள்ளே, நரம்பு இழைகளுக்கு நடுவே ஒரு கட்டி முளைத்தால் அதை எப்படி எடுப்பது, எவ்வளவு எடுப்பது, எங்கே கையை எடுத்துக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதுகெலும்புக் கால்வாயில் வரும் கட்டிகளை அவை இருக்கும் இடத்தை வைத்து மூன்றாகப் பிரிப்பது வழக்கம். டியூரா என்னும் கெட்டி உறைக்கு வெளியே வருபவை முதல் வகை; பெரும்பாலும் வேறு உறுப்பிலிருந்து எலும்புக்குப் பரவி வந்த புற்று. உறைக்கு உள்ளே, ஆனால் தண்டுக்கு வெளியே இருந்துகொண்டு அதை நெருக்குபவை இரண்டாம் வகை. மெனிஞ்சியோமா, ஷ்வானோமா போன்றவை. தண்டின் திசுவுக்குள்ளேயே வளர்பவை மூன்றாம் வகை. மத்திய நரம்பு மண்டலக் கட்டிகள் எல்லாவற்றிலும் தண்டுவடம் சார்ந்தவை நூற்றுக்கு 2 முதல் 4 வரைதான். பெரியவர்களில் உறைக்குள் வரும் கட்டிகளில் ஏறத்தாழ நான்கில் ஒன்று மூன்றாம் வகை. இதைத்தான் இங்கே உள்கட்டி என்கிறேன்.

உள்கட்டியின் சிகிச்சையைத் தீர்மானிப்பது கட்டியின் பருமனோ, அறுவை மருத்துவரின் துணிச்சலோ அல்ல. கட்டிக்கும் தண்டுக்கும் இடையே பிரித்தெடுக்கக்கூடிய எல்லை ஒன்று இருக்கிறதா இல்லையா என்பதே. எல்லை இருந்தால் அறுவையே முழு மருந்து. இல்லையென்றால் அறுவை ஒரு சாட்சி மட்டும். இன்ன நோய் என்று சொல்லிவிட்டு அது விலகிக்கொள்ள வேண்டும். நூறாண்டுக்கும் மேலான வரலாறும், அண்மைக்கால மரபணு ஆய்வும் சொல்வது இதையே என்பது என் கருத்து.

2. செருப்பு சொல்லும் சேதி

தமிழ்நாட்டு மருத்துவக் கல்லூரிகளில் நரம்பியல் வார்டுக்குப் போகும் மாணவருக்கு முதலில் கற்றுத்தரும் கேள்விகளில் ஒன்று: "நடக்கும்போது செருப்பு கழன்று போகிறதா?" ஆமாம் என்றால் அடுத்த கேள்வி: "போவது தெரிகிறதா, தெரியாமல் போகிறதா?" தெரிந்தே கழன்றால் பாதத்தில் பலம் குறைகிறது. நாலடி நடந்து, தரை சுட்ட பிறகோ, பின்னால் வருபவர் சொன்ன பிறகோதான் தெரிகிறது என்றால் உணர்ச்சி குறைகிறது. இரண்டு பதிலும் தண்டின் இரண்டு வேறு பாதைகளைக் காட்டுகின்றன. கைக்கு இதே போன்ற கேள்வி: சோறு பிசைய முடிகிறதா, சட்டைப் பொத்தானைப் போட முடிகிறதா? பூட்சும் முட்கரண்டியும் உள்ள ஊரில் எழுதிய பாடநூலில் இந்தக் கேள்விகள் இருக்காது. செருப்பு போட்டுக் கையால் சாப்பிடும் நாட்டில் இவற்றைவிட மலிவான பரிசோதனைக் கருவி கிடையாது.

உள்கட்டி மெதுவாக வளரும். முதல் அறிகுறி பெரும்பாலும் முதுகுவலி அல்லது கழுத்துவலி. அதிலும் படுத்தால் கூடும், இரவில் எழுப்பிவிடும் வலி. டிஸ்க் விலகலால் வரும் வலி படுத்தால் பொதுவாகத் தணியும்; இது அப்படித் தணியாது. அந்த வேறுபாட்டைக் கேட்டு வாங்காவிட்டால் "ஜவ்வு விலகல்", "எலும்புத் தேய்மானம்", "வாயுப் பிடிப்பு" என்ற பெயர்களில் மாதங்கள் ஓடிவிடும். வலிக்குப் பின் மரத்துப்போதல், பிறகு கால் கனத்தல், கடைசியில் சிறுநீர் அடக்க முடியாமை அல்லது கழிக்க முடியாமை. கட்டியோடு சேர்ந்து தண்டின் நடுவில் நீர்க்குழல் உண்டானால் இன்னொரு விசித்திரம் நடக்கும்: தொட்டால் தெரியும், சுட்டால் தெரியாது. வலியையும் சூட்டையும் கொண்டுசெல்லும் இழைகள் தண்டின் நடுவில்தான் குறுக்கே கடக்கின்றன. தொடுவுணர்வின் பெரும்பகுதி பின்புறத் தூண்களில் நேராக மேலேறுகிறது. நடுவில் வளரும் கட்டி முதலில் வெட்டுவது குறுக்குப் பாதையை. அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கியவருக்குக் கையில் கொப்புளம் இருக்கும், எப்போது சுட்டது என்று தெரியாது.

குழந்தைகள் வலியைச் சொல்வதில்லை. நடக்கப் பழகிய பிள்ளை மறுபடி தவழத் தொடங்குவது, முதுகு கோணுவது, கழுத்தை ஒருபக்கமாகவே வைத்திருப்பது ஆகியவை அவர்களின் மொழி.

3. படத்தில் தேடுவது என்ன

எம்.ஆர்.ஐ. வருவதற்கு முன் தண்டுக்குள் கட்டி இருப்பதைச் சுற்றிவளைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். 1919இல் வால்டர் டான்டி தண்டுவட நீரில் காற்றைச் செலுத்தி எக்ஸ்ரே எடுக்கலாம் என்றார். 1920களின் தொடக்கத்தில் பிரான்சில் சிகார், ஃபோரெஸ்டியே இருவரும் லிப்பியோடால் என்ற அயோடின் எண்ணெயை விட்டுப் பார்த்தார்கள். எண்ணெய் எங்கே தடைப்படுகிறதோ அங்கே அடைப்பு. அடைப்பு தெரியும், அடைத்தது உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பது நிழலின் ஓரத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய விஷயம். 1980களில் எம்.ஆர்.ஐ. பரவலானதும் தண்டின் உட்புறம் முதன்முறையாகக் கண்ணுக்குத் தெரிந்தது. காடோலினியம் ஊசி போட்டு எடுக்கும் படத்தில் கட்டியின் இடமும் ஒளிரும் விதமும் பெயரைக் கிட்டத்தட்ட சொல்லிவிடும்.

எபென்டிமோமா தண்டின் நடுக்கால்வாயைச் சூழ்ந்த செல்களிலிருந்து வருவதால் நட்டநடுவில் உட்கார்ந்திருக்கும். மேலும் கீழும் நீர்ப்பைகள் இருக்கும். சிலவற்றில் பழைய ரத்தக் கசிவின் கறுத்த தொப்பி இரு முனையிலும் தெரியும். ஆஸ்ட்ரோசைட்டோமா பெரும்பாலும் ஓரமாக ஒதுங்கி, ஓரம் எங்கே முடிகிறது என்று காட்டாமல் தேய்ந்து மறையும். ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா மிளகு அளவே இருக்கும், பளீரென ஒளிரும். ஆனால் அதைச் சுற்றிய வீக்கமும் நீர்க்குழலும் பல முள்ளெலும்பு நீளத்துக்கு ஓடும். சிறு கட்டி இத்தனை பெரிய குளத்தை எப்படி உண்டாக்கியது என்று முதலில் பார்ப்பவர் திகைப்பார்.

கட்டி போலவே தோற்றம் காட்டும் வேறு நோய்கள் உண்டு என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நரம்புறைத் தேய்வு நோய்கள், நியூரோமைலைட்டிஸ் ஆப்டிகா, சார்காய்டோசிஸ், பி12 குறைவு, உறையில் உண்டாகும் ரத்தநாளக் கோளாறு ஆகியவை தண்டை வீங்கச் செய்யும் அல்லது ஒளிரச் செய்யும். நம் நாட்டில் இன்னொன்றும் சேரும்: தண்டுக்குள்ளேயே வரும் காசநோய்க் கட்டி. அதற்கு வேண்டியது பெரும்பாலும் கத்தி அல்ல, மாதக்கணக்கில் மாத்திரை. எதிர்த்திசைத் தவறும் நடக்கும். அழற்சி என்று நினைத்து ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டியைச் சுற்றிய வீக்கம் வற்றி நோயாளி தற்காலிகமாகத் தேறுவார்; அந்தத் தேறுதலே நோயறிதல் சரி என்று நம்பவைத்துவிடும். மருந்தை நிறுத்தியதும் திரும்பி வரும் பலவீனத்தை "மறுபடி வந்த அழற்சி" என்று எழுதுவதற்கு முன் படத்தை இன்னொருமுறை எடுத்துப் பார்ப்பது கடமை.

படத்தில் நடக்கும் மிகச் சாதாரணமான பிழை இதைவிட எளியது. கால் மரத்துப்போகிறது என்றதும் இடுப்புப் பகுதிக்கு மட்டும் ஸ்கேன் எழுதுகிறார்கள். தண்டு முதலாம் அல்லது இரண்டாம் இடுப்பு முள்ளெலும்போடு முடிந்துவிடுகிறது. கட்டி நெஞ்சுப் பகுதியில் இருந்தால் இடுப்புப் படத்தில் ஒன்றும் இருக்காது. வயதுக்கு ஏற்ற ஒரு டிஸ்க் பிதுக்கம் மட்டும் இருக்கும். பழி அதன் மேல் விழும்.

4. அறுவையின் வரலாறு: மூன்று திருப்பங்கள்

1887 ஜூன் 9. லண்டன் குயீன் ஸ்கொயர் மருத்துவமனையில் விக்டர் ஹார்ஸ்லி ஒரு ராணுவக் கேப்டனின் முதுகைத் திறந்தார். மூன்று ஆண்டுகளாக இடது தோள்பட்டை எலும்புக்குக் கீழே வலி. பல மருத்துவர்கள் பல பெயர் சொல்லி, கால்கள் செயலிழந்த பிறகு வில்லியம் கவர்ஸ் கட்டி என்று கணித்திருந்தார். எலும்பை எடுத்து உறையைத் திறந்து பார்த்தால் கட்டி இல்லை. இன்னும் மேலே போய்ப் பார்க்கலாம் என்று உதவியாளர் சொல்ல, மேலும் எலும்பை அகற்றினார்கள். அங்கே இருந்தது, பாதாம்பருப்பு வடிவில். ஓராண்டில் அந்த அதிகாரி எழுந்து நடந்து வேலைக்கும் போனார். தண்டுவடக் கட்டி ஒன்றைக் கணித்து வெற்றிகரமாக எடுத்த முதல் அறுவை என்று இதைத்தான் வரலாறு குறிக்கிறது. ஆனால் அது தண்டுக்கு வெளியே இருந்த கட்டி. தண்டையே கீறுவது அன்றைக்கு யாரும் நினைத்துப் பார்க்காத காரியம்.

1907இல் வியன்னாவில் அன்டன் ஃபான் ஐஸல்ஸ்பெர்க் தண்டுக்குள் இருந்த கட்டி ஒன்றை எடுத்தார். 1911இல் நியூயார்க்கின் சார்லஸ் எல்ஸ்பெர்க் ஒரு வேடிக்கையான, அதே நேரம் ஆழமான முறையை எழுதி வெளியிட்டார்: தண்டின் பின்புறத்தில் மெல்லிய கீறல் போடு, கட்டியைத் தொடாதே, காயத்தை மூடு, ஒரு வாரம் கழித்துத் திறந்து பார். தண்டுக்குள் இருந்த அழுத்தமே கட்டியைக் கீறல் வழியாக வெளியே தள்ளியிருக்கும். பிறகு வெளியே வந்ததை எடுத்துக்கொள்.

முதல் திருப்பம் இதுதான். உருப்பெருக்கியும் இருமுனை மின்கருவியும் இல்லாத காலத்தில் எல்ஸ்பெர்க் கண்டுகொண்டது என்ன? எல்லை உள்ள கட்டி தானே பிரிந்து வரும். எல்லை இல்லாதது வராது. கட்டியே தன் இயல்பைச் சொல்லட்டும் என்று ஒரு வாரம் காத்திருந்தார் அவர். பிற்காலத் தொழில்நுட்பம் அந்த ஒரு வாரத்தை ஒரு மணி நேரமாகச் சுருக்கியது என்று சொன்னால் மிகையாகாது.

இரண்டாம் திருப்பம் கருவியால் வந்தது. ஹூஸ்டனைச் சேர்ந்த ஜேம்ஸ் கிரீன்வுட், இடுக்கியின் இரு முனைகளுக்கு நடுவே மட்டும் மின்சாரம் பாயும் கருவியைப் பயன்படுத்தி எபென்டிமோமாக்களை முழுமையாக எடுத்துக் காட்டி 1954இல் எழுதினார். அதற்கு முன் மின்சாரம் வைத்தால் அது தண்டு முழுக்கப் பரவும் அபாயம் இருந்தது. பிறகு அறுவை உருப்பெருக்கி வந்தது. 1970களின் இறுதியில் கட்டியை ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சும் கருவி வந்தது. அதுவரை உள்கட்டி என்றால் சிறு துண்டு எடுத்துப் பரிசோதித்துவிட்டு, உறையை அகலமாகத் தைத்து, கதிர்வீச்சுக்கு அனுப்புவதே பலருக்குப் பழக்கம். நியூயார்க்கின் ஃப்ரெட் எப்ஸ்டீன் குழந்தைகளுக்கு வந்த உள்கட்டிகளை 1980களில் முழுமூச்சாக எடுக்கத் தொடங்கியபோது அந்தப் பழக்கம் ஆட்டம் கண்டது.

இந்தியாவில் இத்துறை தொடங்கியதே 1949இல்தான். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் ஜேக்கப் சாண்டி நரம்பறுவைத் துறையை ஆரம்பித்தார். அடுத்த ஆண்டு சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் பி. ராமமூர்த்தி தொடங்கினார். நாட்டின் முதல் இரண்டு துறைகளும் தமிழ் மண்ணில் முளைத்தவை என்பதைப் போகிற போக்கில் நினைவுபடுத்துகிறேன்.

மூன்றாம் திருப்பம் அறுவை அரங்கில் நடக்கவில்லை. மரபணு ஆய்வுக்கூடத்தில் நடந்தது. அதை 7ஆம் பகுதியில் பார்ப்போம்.

5. மேசையில் மூன்று கட்டிகள்

எல்லா உள்கட்டி அறுவையும் ஒரே மாதிரிதான் தொடங்கும். நோயாளி குப்புறப் படுத்திருப்பார். முள்ளெலும்பின் பின்வளைவை அகற்றுவார்கள். குழந்தை என்றால் அதைத் திரும்பப் பொருத்திவிடுவது நல்லது, இல்லையேல் வளர வளர முதுகு கூன் விழும். உறையை நடுக்கோட்டில் திறந்து இருபுறமும் தைத்து விரித்ததும், இதயத் துடிப்போடு மெல்ல ஏறி இறங்க வேண்டிய தண்டு, கட்டி உள்ள இடத்தில் வீங்கி அசையாமல் கிடக்கும்.

இனித்தான் முதல் சோதனை: நடுக்கோடு எங்கே? தண்டின் பின்புறத்தில் வலதுதூணும் இடதுதூணும் சந்திக்கும் மெல்லிய பள்ளம் ஒன்று உண்டு. அதன் வழியாக இறங்கினால் இழைகள் பிரியும். அரை மில்லிமீட்டர் தள்ளி இறங்கினால் அறுபடும். வீங்கிய தண்டு திருகிக்கொண்டு பள்ளத்தை இடம் மாற்றியிருக்கும். இருபுறமும் நரம்பு வேர்கள் நுழையும் இடங்களைப் பார்த்து நடுப்புள்ளியைக் கணிக்க வேண்டும். பள்ளத்திலிருந்து எட்டிப்பார்க்கும் சிறு ரத்தநாளங்களும் வழிகாட்டும். இந்தக் கீறலுக்கு எல்லாருமே ஏதோ ஒரு விலை கொடுக்கிறார்கள். பின்புறத் தூண்கள் சுமப்பது மூட்டு நிலையறியும் உணர்வு. அறுவைக்குப் பிந்தைய வாரங்களில் கால் இருக்கிறது, அசைகிறது, ஆனால் எங்கே இருக்கிறதென்று பார்க்காமல் தெரியாது. முகத்தில் சோப்பு போட்டுக் கண்ணை மூடியதும் தள்ளாடுவார்கள். நாளடைவில் பெரும்பாலோர் தேறினாலும், இதை முன்கூட்டியே சொல்லாமல் கையெழுத்து வாங்குவது நேர்மையல்ல.

அடுத்து என்ன என்பது கட்டியைப் பொறுத்தது.

எபென்டிமோமா என்றால் செம்பழுப்பாய், தண்டின் வெண்மையிலிருந்து பிரிந்து தெரியும் பரப்பு வெளிப்படும். முனையில் நீர்ப்பை இருந்தால் அங்கே தொடங்குவது எளிது. பையின் சுவரும் கட்டியின் முனையும் சேருமிடத்தில் எல்லை தானாகத் திறந்திருக்கும். கட்டி பெரிதானால் முதலில் உள்ளே குடைந்து சுருக்கி, பிறகு ஓரத்தை உள்நோக்கி மடக்கி எடுப்பார்கள். இழுப்பது எப்போதும் கட்டியை, தண்டை அல்ல. அடிப்புறத்தில் முன்தமனியின் கிளைகள் கட்டிக்கு ரத்தம் கொண்டுவரும். அங்கே அவசரப்பட்டால் அதுவரை செய்த வேலை வீண். முழுதாக வந்துவிட்டால், மறுமுறை வருவது அரிது, கதிர்வீச்சு வேண்டியதில்லை. உள்கட்டிகளில் "குணமானது" என்ற சொல்லைக் கூசாமல் பயன்படுத்தக்கூடிய இடம் இதுதான்.

தண்டின் வால்முனைக்குக் கீழே இழைத்தண்டில் வளரும் மிக்ஸோபப்பிலரி எபென்டிமோமாவுக்கு நெறி வேறு: குடையக்கூடாது. மேலும் கீழும் இழையை வெட்டி, உறை உடையாமல் ஒரே துண்டாக எடுக்க வேண்டும். உடைந்தால் செல்கள் தண்டுவட நீரில் கலந்து வேறிடத்தில் விதையாகும். இதை நெடுங்காலம் முதல் தரத்தில், அதாவது மிகச் சாதுவான கட்டியாக வைத்திருந்தார்கள். திரும்பத் திரும்ப வருவதைக் கண்டு உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடு அதை இரண்டாம் தரத்துக்கு ஏற்றிவிட்டது. காலம் கடந்த திருத்தம், ஆனால் நியாயமானது.

ஹீமாஞ்சியோபிளாஸ்டோமா ரத்தநாளப் பந்து. இதற்குள் கருவியை விட்டால் ரத்தம் கண்ணை மறைத்துவிடும். ஆகவே எபென்டிமோமாவின் விதி இங்கே தலைகீழாகிறது: உள்ளே நுழையாதே, சுற்றிலும் போ, ரத்தம் கொண்டுவரும் தமனிகளை ஒவ்வொன்றாக அடை, வெளியேற்றும் சிரையைக் கடைசிவரை விட்டுவை. சிரையை முதலில் அடைத்தால் உள்ளே வந்த ரத்தம் போக வழியின்றிக் கட்டி வெடிக்கும். சுற்றியுள்ள நீர்க்குழலைத் தொடவே வேண்டாம். கட்டி போனால் அது தானே வற்றும். இக்கட்டி உள்ளவருக்கு ஃபான் ஹிப்பல்–லிண்டாவ் என்ற பரம்பரை நோய் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியானால் கண், சிறுநீரகம், கணையம் எல்லாம் பரிசோதனைக்கு உரியவை. குறிப்பாக அட்ரினல் சுரப்பியில் ஃபியோகுரோமோசைட்டோமா இருந்து, அது தெரியாமல் மயக்க மருந்து கொடுத்தால் ரத்த அழுத்தம் மேசையிலேயே கட்டுக்கடங்காமல் போகும்.

ஆஸ்ட்ரோசைட்டோமாதான் உண்மையான சிக்கல். சாம்பல் நிறம் மெல்ல மெல்ல வெண்மையாகும். எந்த இடத்தில் கட்டி முடிந்து தண்டு தொடங்கியது என்று உருப்பெருக்கியிலும் தெரியாது. குழந்தைகளுக்கு வரும் பைலோசைட்டிக் வகை சிலவற்றில் ஓரளவு எல்லை உண்டு. கிடைத்த அளவு எடுக்கலாம். பரவும் வகையில் எல்லையைத் தேடுவதே பிழை. இல்லாத எல்லையை உண்டாக்கும் முயற்சியில் வெட்டுப்படுவது நல்ல தண்டு. கண்டறியப் போதுமான துண்டு, அழுத்தம் தணிய உறையை விரித்துத் தைத்தல், அவ்வளவோடு நிறுத்துவதுதான் திறமை. எடுத்த அளவை வைத்து அறுவை மருத்துவரை மெச்சும் வழக்கம் நம்மிடம் உண்டு. இந்த ஒரு நோயிலாவது நிறுத்திய இடத்தை வைத்து மெச்ச வேண்டும்.

6. மின் காவல்

எங்கே நிறுத்துவது என்று சொல்ல மேசையருகே இன்னொருவர் திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். மண்டையில் ஊசிமுனைகள் வழியாக மூளையின் இயக்கப் பகுதியைத் தூண்டினால் கை கால் தசைகளில் பதில் அதிர்வு பதிவாகும். தூண்டும் ஒவ்வொரு முறையும் தாடை இறுகும் என்பதால் நாக்கு கடிபடாமல் பற்களுக்கிடையே துணிச்சுருளை வைத்திருப்பார்கள். வாயு மயக்கமருந்து இந்த அதிர்வை அடக்கிவிடும். எனவே புரோபோஃபால் போன்றவற்றைச் சிரை வழியாகக் கொடுத்து மயக்கத்தை நடத்த வேண்டும். தசைத் தளர்த்தியையும் தொடர முடியாது.

தசையில் பதியும் அதிர்வு இருக்கும் அல்லது போகும். இடைநிலையை நம்பகமாகச் சொல்லாது. அதற்குத் துணையாகக் கட்டிக்குக் கீழே, உறையின்மேல் வைத்த மெல்லிய கம்பியில் டி அலை என்ற ஒன்றைப் பதிவுசெய்வார்கள். இது இயக்க இழைகளில் எத்தனை இன்னும் மின்சாரம் கடத்துகின்றன என்பதன் அளவு. வெட்ரான் டெலெட்டிஸ், பிரான்செஸ்கோ சாலா போன்றோர் இந்தத் துறையில் நிலைநாட்டிய விதி எளியது: தசை அதிர்வு மறைந்தாலும் டி அலை பாதிக்கு மேல் நின்றால், விழித்தெழும் நோயாளிக்குப் பலவீனம் இருக்கும், ஆனால் அது திரும்பி வரும். டி அலை பாதிக்குக் கீழே விழுந்தால் நிற்க வேண்டும். அலை இறங்கும்போது கருவியை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பான சலைன் ஊற்றி, ரத்த அழுத்தத்தைக் கொஞ்சம் உயர்த்தி, காத்திருப்பார்கள். அலை ஏறினால் தொடரலாம். ஏறாவிட்டால் அன்றைக்கு அவ்வளவுதான். மிச்சத்தைப் பின்னொரு நாள் எடுத்துக்கொள்ளலாம். தண்டு முடியும் இடத்துக்கு அருகே இயக்க இழைகள் குறைந்துவிடுவதால் அங்கே டி அலை உதவாது என்பது இதன் குறை.

7. கரண்டும் மருந்தும்

கதிர்வீச்சை நம் ஊரில் "கரண்டு வைப்பது" என்பார்கள். எபென்டிமோமா முழுதாக வரவில்லை என்றாலும், ஆஸ்ட்ரோசைட்டோமா உயர்தரமானாலும் கரண்டு வைக்க வேண்டிவரும். வழக்கமான அளவு தினம் 1.8 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வீதம் 50 முதல் 54 கிரே வரை. அதற்கு மேல் ஏன் போவதில்லை? 2010இல் வெளியான குவான்டெக் தொகுப்பாய்வு ஒரு கணக்குச் சொன்னது: வழக்கமான தினசரி அளவில் 50 கிரே வரை கொடுத்தால் தண்டு கதிர்வீச்சாலேயே கெடும் வாய்ப்பு 0.2 சதவீதம், 60 கிரேயில் 6 சதவீதம், சுமார் 69 கிரேயில் 50 சதவீதம். கட்டியைக் கொல்ல வேண்டிய அளவும் தண்டு தாங்கும் அளவும் இவ்வளவு நெருக்கம். புரோட்டான் கதிர் தண்டுக்கு முன்னால் இருக்கும் இதயம், நுரையீரல், குடலைக் காப்பாற்றும். முழு முதுகுக்கும் கதிர் தேவைப்படும் குழந்தைக்கு அது பெரிய உதவி. 2019இல் சென்னையில் அந்த வசதி வந்தது. ஆனால் கட்டி தண்டுக்குள்ளேயே இருக்கும்போது தண்டைத் தப்பவைக்க எந்தக் கதிராலும் முடியாது.

இனி மூன்றாம் திருப்பம். 1993இல் இரண்டு மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டன. ஒன்று ஃபான் ஹிப்பல்–லிண்டாவ் நோய்க்குக் காரணமான விஎச்எல்; மற்றொன்று எபென்டிமோமாவோடு தொடர்புடைய என்எஃப்2. விஎச்எல் பழுதானால், செல் பிராணவாயு இல்லாதது போல நடித்து ரத்தநாளங்களை அழைத்துக்கொண்டே இருக்கும். பிராணவாயுவைச் செல் உணரும் இந்த வழியை விளக்கியதற்குத்தான் கேலின், ராட்கிளிஃப், செமென்சா மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்த வழியின் ஒரு கண்ணியைத் தடுக்கும் பெல்ஜூட்டிஃபான் மாத்திரையை, இந்நோயில் உடனடி அறுவை தேவைப்படாத கட்டிகளுக்காக அமெரிக்க மருந்து நிர்வாகம் 2021இல் அனுமதித்தது. ரத்தசோகையும் பிராணவாயுக் குறைவும் வரலாம். கருவுற்றிருப்பவர் தொடவே கூடாது. ஆனாலும் தண்டின் நெடுகப் பத்துக் கட்டி உள்ளவரைப் பத்துமுறை திறக்க வேண்டிய கட்டாயம் தளர்ந்திருக்கிறது.

என்எஃப்2 பழுதால் வரும் நோயில் பல சிறு எபென்டிமோமாக்கள் தண்டில் மணிமாலை போலக் கிடக்கும்; பல ஆண்டுகள் வளராமலும் இருக்கும். அவற்றைப் படத்தில் கண்டதும் எடுக்கத் துடிப்பது தவறு. இதற்கு மாறாக, எம்ஒய்சிஎன் மரபணு பெருகிய எபென்டிமோமாவுக்கு மற்றவற்றோடு பெயரில் மட்டும்தான் உறவு; அது வேகமாகப் பரவும். 2019க்குப் பிறகே தனி நோயாகப் பிரிக்கப்பட்டது. நடுக்கோட்டுக் கிளையோமாக்களில் (ஆஸ்ட்ரோசைட்டோமாவும் சேரும் கட்டிக் குடும்பம்) எச்3 கே27 மாற்றம் இருந்தால், உருப்பெருக்கியில் சாதுவாகத் தெரிந்தாலும் அது நான்காம் தரம். 2025 ஆகஸ்டில் இந்த மாற்றமுள்ள கட்டிகளுக்கு டோர்டாவிப்ரோன் என்ற மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. ஆனால் அதன் பலனைக் கணக்கிட்ட ஆய்வில் தண்டுவடத்தில் தோன்றிய கட்டிகள் சேர்க்கப்படவில்லை. அரிய நோயின் தலையெழுத்து இதுதான்: ஆய்வுக்கு ஆள் சேராது, சேராததால் சான்று கிடைக்காது, மூளைக்குச் சொன்னதைத் தண்டுக்கும் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

குழந்தைகளின் பைலோசைட்டிக் கட்டிகளில் பிராஃப் மரபணு மாற்றத்தைக் குறிவைக்கும் மருந்துகள் வந்துவிட்டன. எடுக்க முடியாத கட்டியோடு வளரும் பிள்ளைகளுக்கு அவை கொடுப்பது காலம்.

8. எப்போது எடுப்பது, பிறகு என்ன

பால் மெக்கார்மிக் 1990இல் வகுத்த நான்குபடி அளவுகோலை இன்றும் பயன்படுத்துகிறார்கள். முதல்படியில் இருப்பவர் இயல்பாக நடப்பார். நான்காம்படியில் இருப்பவர் முழுக்கப் பிறரைச் சார்ந்திருப்பார். அறுவைக்குப் போகும் நாளில் எந்தப் படியில் இருந்தாரோ, பெரும்பாலும் அதே படியில்தான் ஓராண்டு கழித்தும் இருப்பார். போன பலத்தை மீட்பது அரிது, இருப்பதைக் காப்பதே இயலும். அப்படியானால் எல்லை உள்ள கட்டி, அறிகுறி தொடங்கிவிட்டது என்றால், "நன்றாகத்தானே நடக்கிறார், முடியாமல் போகட்டும் பார்க்கலாம்" என்று தள்ளிப்போடுவது கருணை அல்ல. நடந்துபோய் மேசையில் படுத்தவர்தான் பெரும்பாலும் நடந்து வீடு திரும்புகிறார்.

மீளாதவர்களுக்கும் வாழ்க்கை உண்டு. சிறுநீரைத் தானே குழாய் விட்டு நேரத்துக்கு எடுக்கும் முறையை 1972இல் ஜாக் லாபிடிஸ் எழுதியபின் சிறுநீரகம் கெட்டுச் சாவது பெருமளவு குறைந்தது. புட்டத்தில் புண் வராமல் திரும்பிப் படுப்பது, சக்கர நாற்காலியில் கையூன்றி எழுவது ஆகியவை மருந்தளவுக்குச் சிகிச்சைதான். 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். 1966இல் வேலூரில் தொடங்கிய மறுவாழ்வு நிலையம் அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

கடைசியாக, நோயாளியின் வீட்டாருக்கு ஒரு வேண்டுகோள். இந்தக் கட்டிகள் பத்து, பதினைந்து ஆண்டு கழித்தும் திரும்பலாம், எம்.ஆர்.ஐ. தொடர வேண்டும். அறுவைக்கு முன் எடுத்த முதல் படத்தையும் சிடியையும் வீடு மாறும்போது தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதைவிட முக்கியம், எடுத்த கட்டியின் துண்டு மெழுகுக் கட்டியாக மருத்துவமனையின் பேத்தாலஜி ஆய்வகத்தில் இருக்கும். இன்று பெயர் தெரியாத ஒரு மரபணு மாற்றத்தை நாளை தேட வேண்டியிருக்கலாம். வீட்டுக்கு அனுப்பும்போது அந்த மெழுகுக் கட்டியின் எண்ணைக் கேட்டு வாங்கி, டிஸ்சார்ஜ் சம்மரியின் மேல் உங்கள் கையாலேயே எழுதி வையுங்கள்.